திருத்தும் உரிமையும் மறைக்கும் உரிமையும்

ஒருவன் தான் நட்ட மரத்தைத் தானே வெட்டலாமா என்று கேட்டால், 'அவன் மரம், அவன் விருப்பம்' என்று விடை கூறுவோர் உளர். அம்மரம் ஊர்ப்பொதுவில் நின்று முப்பது ஆண்டுகள் ஊராருக்கு நிழல் தந்திருந்தால் விடை அத்துணை எளிதாக வாராது. நட்டவன் உரிமை ஒருபுறம் நிற்க, நிழலில் அமர்ந்தவர்களுக்கும் ஓர் உரிமை முளைத்துவிட்டதோ என்னும் ஐயம் எழும். கலைப்படைப்பின் நிலையும் இத்தகையதே. அதனைப் படைத்தவன், விலைகொடுத்து உடைமையாக்கிக் கொண்டவன், சுவைத்து நெஞ்சில் வைத்தவன் என மூவர் ஒவ்வொரு படைப்பையும் சூழ்ந்து நிற்கின்றனர். இம்மூவருள் படைப்பை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? மாற்றியபின் பழையதை மறைக்கும் உரிமை யாருக்கேனும் உண்டா? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படம் அமெரிக்காவில் வெளியாயிற்று. நம் பாட்டிமார் கதை தொடங்குவது போலவே, நெடுங்காலத்துக்கு முன்பு நடந்தது என்று தொடங்கும் கதை அது. அதன் தொடர்ச்சிகள் 1980-இலும் 1983-இலும் வந்தன. அன்று அப்படங்களைக் கண்ட சிறுவர் வளர்ந்து, தம் பிள்ளைகளுக்கும் அவற்றைக் காட்ட விரும்பினர். திரையரங்கில் கண்டதை வீட்டில் காணும் வாய்ப்பு முதலில் ஒளிநாடாவாகவும், பின்னர் லேசர் வட்டாகவும், அதன்பின் டிவிடியாகவும் வந்தது. 2006-இல் உயர் தெளிவுடைய 'புளூ-ரே' வட்டு சந்தைக்கு வந்தபொழுது, இப்படங்களும் அவ்வடிவில் எப்பொழுது வரும் என்னும் எதிர்பார்ப்பு உலகெங்கும் எழுந்தது. புளூ-ரேக்கும் அதன் போட்டி வட்டுக்கும் நடந்த வணிகப் போர் 2008-இல் ஓய்ந்தது. 2010-இல் அறிவிப்பு வந்தது. 2011 செப்டம்பரில், பின்னாளில் எடுக்கப்பட்ட மூன்று முன்கதைப் படங்களையும் சேர்த்து ஆறு படங்கள் ஒரே பேழையில் வெளியாயின.

சிங்கப்பூர் இவ்வெதிர்பார்ப்புக்கு அயலான ஊரன்று. சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் அறிந்தவர்கள், ஒளிநாடாவும் வட்டும் விற்ற கடைகள் ஒரு காலத்தில் அங்கு எத்துணை நெருக்கமாக இருந்தன என்பதை அறிவர். பூக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இடையே, சிவாஜியும் எம்.ஜி.ஆரும் அட்டைப்படங்களில் நின்று அழைத்த கடைகள் அவை. 'அந்தப் பழைய படம் வந்துவிட்டதா?' என்று வாரந்தோறும் கேட்டுப்போன பெரியவரும், ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் 'ஸ்டார் வார்ஸ்' வட்டு எப்பொழுது வரும் என்று கேட்ட இளைஞரும் உள்ளத்தால் உடன்பிறந்தோரே. அன்றியும், அப்படங்களை எடுத்த லூகாஸ்பிலிம் நிறுவனம் 2005-இலேயே சிங்கப்பூரில் கலைக்கூடம் திறந்தது. 2014-இல் ஒன்-நார்த் வட்டாரத்தில் 'சாண்ட்கிராலர்' என்னும் கட்டடத்தில் குடியேறியது. அப்பெயர், படத்தில் பாலைவனத்து வணிகர் பழைய எந்திரங்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பழுதுபார்த்து விற்கும் ஊர்தியின் பெயராகும். சிங்கப்பூர்க் கலைக்கூடத்தை மூடும் முடிவை நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

ஆவலுடன் காத்திருந்தோர்க்கு 2011-இல் கிடைத்தது யாது? படத்தின் தெளிவு சிறந்தது, ஒலி சிறந்தது. ஆனால் வட்டில் இருந்தது அவர்கள் முதன்முதல் கண்ட படம் அன்று. படைப்பாளரான ஜார்ஜ் லூகாஸ் 1997-இலேயே கணினியின் துணைகொண்டு மூன்று படங்களிலும் புதிய காட்சிகளைச் சேர்த்திருந்தார். முதற்படத்தில் ஓர் உணவகத்தில் நாயகர்களுள் ஒருவன் தன்னைப் பிடிக்க வந்தவனை முந்திச் சுட்டுக் கொல்வான். திருத்திய படத்தில் வந்தவன் முந்திச் சுடுகின்றான். தன்னலக்காரனாக அறிமுகமாகிப் படிப்படியாகப் பண்படும் ஒரு பாத்திரம், இந்த ஒரு நொடித் திருத்தத்தால் தொடக்கத்திலேயே நல்லவனாகிவிட்டது. 2004-இல் மேலும் சில மாற்றங்கள் வந்தன. 2011-இலோ, மூன்றாம் படத்தின் உச்சக்கட்டத்தில், பல்லாண்டு கொடியவனாக வாழ்ந்த தந்தை தன் மகனைக் காக்க மனம் மாறும் இடத்தில் கூக்குரல் ஒன்று புகுத்தப்பட்டது. முன்பு அவன் ஒன்றும் பேசாதிருந்தான். அம்மௌனத்தில் அவன் உள்ளத்தைக் காண்போர் தாமே உணர்ந்தனர். பழைய வடிவம் 2006-இல் டிவிடியின் இணைப்பாக ஒருமுறை தரப்பட்டது உண்மையே. ஆயினும் அது 1993-இல் லேசர் வட்டுக்கென ஆக்கிய தெளிவு குறைந்த படியிலிருந்து எடுக்கப்பட்டது. உயர் தெளிவு வட்டில் பழைய வடிவத்துக்கு இடமே இல்லை.

இங்குப் படைப்பாளரின் பக்கத்தை நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். 'என் உள்ளத்தில் இருந்தது வேறு. அன்றைய பணமும் கருவியும் இடங்கொடுத்தது வேறு. இன்று வசதி வந்தபின் என் எண்ணத்தை நிறைவு செய்கின்றேன். அதைத் தடுக்க நீ யார்?' என்பது அவர் கட்சியின் சாரம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுபதிப்புக்குக் கொடுக்கும்பொழுது தன் கதையைத் திருத்தாத எழுத்தாளர் எத்தனை பேர்? ஒரு சொல் முள்ளாய் உறுத்தும். ஒரு முடிவு பொய்யாய்த் தோன்றும். இருபத்தைந்து வயதில் எழுதியதை ஐம்பது வயதில் எடுத்துப் பார்த்து, 'இதுவும் நான்தான். இருக்கட்டும்' என்று விட்டுவிடுவது எளிதன்று. படைப்பாளி வளர்கின்றான், தன் படைப்பும் தன்னுடன் வளரவேண்டும் என்று விரும்புகின்றான். இவ்விருப்பத்தைக் குற்றம் என்று கூறுவது கலையின் உயிரோட்டத்தையே மறுப்பதாகும்.

எனினும் இதே லூகாஸ் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று பேசியதை ஈண்டு நினைத்தல் தகும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அவற்றை விலைக்கு வாங்கிய நிறுவனங்கள் வண்ணம் பூசி விற்ற காலம் அது. கலைஞர்களைக் கேளாது படைப்புகளைச் சிதைப்பதை அவர் அன்று வன்மையாகக் கண்டித்தார். மூலப்படிகள் மறைந்து, மாற்றிய படிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நாள் வரும் என்றும், அது சமுதாயத்துக்குப் பேரிழப்பாகும் என்றும் எச்சரித்தார். அவ்வாண்டே திரைப்படக் காப்புச் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. 1989-இல் காக்கத்தக்கனவாக முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட 25 படங்களுள் 'ஸ்டார் வார்ஸ்' படமும் ஒன்று. 'ஊருக்கு உபதேசம்' என்று அவரை எள்ளி நகையாடுவோர் உளர். அது முழு நியாயமன்று. அவர் அன்று முதன்மையாகக் கண்டித்தது உடைமையாளர் செய்யும் மாற்றத்தை. பின்னர்ச் செய்தது படைத்தவர் செய்யும் மாற்றம். இரண்டும் வேறு. ஆனால் அவருடைய எச்சரிக்கையின் மற்றொரு பகுதி, மூலம் மறைந்து போகும் என்னும் பகுதி, மாற்றுபவர் யாராயினும் பொருந்துவதன்றோ?

மேலும், 'படைத்தவன்' என்று ஒருமையில் கூறுவதே திரைப்படத்துக்குப் பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டாம் படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். மூன்றாம் படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் மார்குவாண்ட். மார்குவாண்ட் 1987-இலேயே மறைந்தார். தாம் இயக்கிய உச்சக்கட்டத்தில் புதிய குரல் ஒன்று சேர்வதற்கு இசையவோ மறுக்கவோ 2011-இல் அவர் இல்லை. முதற்படம் பெற்ற ஆஸ்கார் விருதுகளுள் காட்சி நுட்பத்துக்கான விருதும் படத்தொகுப்புக்கான விருதும் அடங்கும். சிறு மாதிரிகளைக் கையால் செய்து, படச்சட்டம் படச்சட்டமாக ஒளிப்பதிவு செய்து அவ்விருதை ஈட்டிய கலைஞர்களின் கைவண்ணம் பல இடங்களில் நீக்கப்பட்டுக் கணினி ஓவியம் அங்கே வைக்கப்பட்டது. ஒருவர் தம் குறையைத் திருத்துவதாக எண்ணிப் பிறர் உழைப்பையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். கூட்டு உழைப்பில் விளைந்த கலையில் இவ்விடர் எப்பொழுதும் உண்டு.

இச்சிக்கலுக்குத் தமிழ் மரபில் தீர்வு உண்டா என்று நோக்கின், உண்டு என்றே கூறலாம். தொல்காப்பியர் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்தார். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக வகுத்தார். இப்பகுப்பு வெறும் இலக்கணமன்று. இதில் ஓர் அறமும் அடங்கியுள்ளது. விரிப்பவனுக்கும் சுருக்குபவனுக்கும் நம் முன்னோர் தடை விதிக்கவில்லை. அவர்களுக்கும் நூலாசிரியர் என்னும் மதிப்பைத் தந்தனர். ஆனால் வழிநூல் முதல்நூல் என்னும் பெயரைச் சூடிக்கொள்ள இடங்கொடுக்கவில்லை. 1997-இல் வந்த படத்தை விரித்து வந்த வழிநூல் என்று கொண்டால் யாருக்கும் வருத்தமில்லை. வழிநூல் முதல்நூலின் பெயரையே பூண்டு, முதல்நூலின் இருக்கையில் அமர்ந்து, முதல்நூலை வெளியே தள்ளிக் கதவை அடைத்ததுதான் வருத்தத்துக்குக் காரணம்.

பதிப்புத் துறையில் இவ்வறத்தைச் செயலில் காட்டியவர் உ. வே. சாமிநாதையர். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1898-இல் மணிமேகலையையும் வெளியிட்ட அப்பெருமகனார் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடித் தொகுத்தார். ஓர் ஏட்டில் ஒரு பாடமும் மற்றோர் ஏட்டில் வேறு பாடமும் இருந்தன. அவர் ஒன்றைத் தேர்ந்து நூலில் வைத்தார். மற்றவற்றைப் பிரதிபேதம் எனக் குறிப்பில் காட்டினார். தம் முடிவு தவறாயின் பின்வருவோர் திருத்திக்கொள்ள வழி திறந்திருக்கட்டும் என்னும் பணிவு அதில் உள்ளது. தேர்ந்தெடுப்பது பதிப்பாசிரியர் உரிமை. தேர்ந்தெடுக்காததையும் காட்டுவது அவர் கடமை.

சுவைஞரும் படைப்பை மாற்றுவது உண்டு. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பன்மீது கொண்ட காதலினால், கம்பன் வாக்கு என்று தம் உள்ளம் ஒப்பிய பாடல்களை மட்டும் தெரிந்தெடுத்தார். பலவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். புலவர் பலர் அதனைக் கடுமையாக மறுத்தனர். எனினும் அவரால் கம்பனுக்குக் கேடு விளையவில்லை. ஏன்? முழுமையான கம்பராமாயணம் வேறு பதிப்புகளில் யாவர்க்கும் கிடைத்தது. இரசிகமணியின் பதிப்பைப் படித்து மகிழ்ந்தவரும், ஐயுற்றவரும், மூலத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மாற்றத்தின் தீமை மாற்றத்தில் மட்டும் இல்லை. ஒப்பிடும் வாய்ப்பு பறிபோவதிலேயே பெரிதும் உள்ளது என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

இனி, மூவருள் எஞ்சிய உடைமையாளரைக் காண்போம். 1960-இல் வந்த 'முகலே ஆசாம்' 2004-இலும், 1957-இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' 2010-இலும் வண்ணம் ஊட்டப்பட்டுத் திரைக்கு வந்தன. அவற்றை விரும்பியோரும் உண்டு, வெறுத்தோரும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படிகள் அழியாமையால் பூசல் பெரிதாகவில்லை. 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' 2012-இல் படமும் ஒலியும் புதுப்பிக்கப்பட்டுத் தமிழகத்தில் வெற்றிநடை போட்டது. ஒரு புதிய தலைமுறைக்குச் சிவாஜி கணேசனை அறிமுகம் செய்தது. இவை ஒருபுறம் இருக்க, 2025-இல் நடந்ததைக் கவனிக்கவேண்டும். 2013-இல் இந்தியில் வந்த 'ராஞ்சணா' தமிழில் 'அம்பிகாபதி' என்னும் பெயரில் வெளியான படம். அதனை உடைமையாளரான நிறுவனம், செயற்கை நுண்ணறிவைக்கொண்டு முடிவை மாற்றி மீண்டும் திரையிட்டது. இறக்கவேண்டிய நாயகன் பிழைத்தெழுந்தான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்ப்புத் தெரிவித்தார். நாயகனாக நடித்த தனுஷ், படத்தின் உயிரே போய்விட்டது என்னும் கருத்தில் அறிக்கை விடுத்தார். 1988-இல் எச்சரிக்கையாகக் கூறப்பட்டது 37 ஆண்டுகளில் நம் மொழித் திரையிலேயே நடந்துவிட்டது. சட்டப்படி ஒன்றை வாங்கியவனுக்கு அதை விற்கும் உரிமை உண்டு. துன்பியலை இன்பியலாக்கும் உரிமையும் அவ்விலையில் அடங்குமோ? நிலத்தை வாங்கியவன் அந்நிலத்தின் வரலாற்றை வாங்கியவன் ஆகான்.

சுவைஞர்களும் குறையற்றவர் அல்லர். அவர்களுள் சிலர், மூலப்படத்தின் பழைய திரைச்சுருள்களைத் தேடி எடுத்து, தாமே தூய்மை செய்து, உரிமையாளர் இசைவின்றி வெளியிட்டனர். அவர்தம் உழைப்பு வியக்கத்தக்கது, நோக்கமும் தூயது. எனினும் அன்பு ஒன்றே உரிமையாகிவிடாது. 'நான் சிறுவனாய்க் கண்டது மட்டுமே மெய். பின்வந்தது எல்லாம் பொய்' என்று படைப்பாளியை இழித்துரைக்கும் அன்பு, பற்றாகித் தடித்துப்போன அன்பே ஆகும். திருத்திய வடிவத்தை முதன்முதல் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு அதுவே இளமையின் நினைவு. அதனை இழிவு செய்ய மற்றவர்க்கு உரிமை இல்லை. சுவைஞர் நியாயமாகக் கேட்கத்தக்கது ஒன்றே: 'உங்கள் புதியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பழையதையும் காண விடுங்கள்.'

இவ்வேண்டுகோளின் அருமையை, பழையதை அறவே இழந்தவர்களே நன்கு அறிவர். தமிழ் பேசிய முதற்படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளியாயிற்று. அதன் படி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. எந்த வடிவம் சிறந்தது என்று வழக்காடும் பேறுகூட நமக்கு இல்லை. சிங்கப்பூரிலும் இந்நிலை உண்டு. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கி, கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படம் அந்நாளில் பெரும்புகழ் பெற்றது. இன்று அது தொலைந்த படங்களுள் ஒன்று. இத்தகைய இழப்பு இனியும் நேராமல் காக்கவே 2005-இல் ஆசியத் திரைப்படக் காப்பகம் இங்கு நிறுவப்பட்டது.

முற்றும் தொலைவது ஒரு வகை இழப்பு. தொலைந்ததே தெரியாமல் போவது அதனினும் நுட்பமான இழப்பு. கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லத்தை நாம் அறிவோம். வானவில் வண்ணங்களில் ஒளிரும் அதன் முன் நின்று நாள்தோறும் பலர் படம் எடுத்துக்கொள்கின்றனர். அவ்வண்ணங்கள் அவ்வீட்டின் பழைய வண்ணங்கள் அல்ல, பிற்காலத்தே பூசப்பட்டவை. அழகில் குறையில்லை, வீடு காக்கப்பட்டதும் நல்லதே. ஆயினும் காண்போர் பலர் அதனையே நூறாண்டுப் பழைமை என்று எண்ணிச் செல்கின்றனர். அருகில் ஒரு பலகையில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும், அழகும் உண்மையும் ஒருங்கே நிற்கும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. வகுப்பறைக்கு ஏற்பச் சிறுகதைகள் சுருக்கப்படுகின்றன, கடுஞ்சொற்கள் நீக்கப்படுகின்றன, சில வேளைகளில் முடிவே மென்மையாக்கப்படுகின்றது. மாணவர் வயது கருதி இதனைச் செய்ய வேண்டியிருக்கலாம். ஆனால் 'இது சுருக்கப்பட்டது' என்று ஒரு வரி குறிப்பதற்கும், ஆர்வமுள்ள மாணவனுக்கு மூலநூல் இருக்குமிடம் காட்டுவதற்கும் தடை யாது? சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015-இல், ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் 300-க்கும் மேற்பட்ட நூல்கள் தொண்டர்களின் உழைப்பாலும் தேசிய நூலக வாரியத்தின் துணையாலும் மின்வடிவம் பெற்றன. இத்தகைய தொகுப்பில் முதற்பதிப்பையும் திருத்திய பதிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவன், எழுத்தாளர் எதை ஏன் மாற்றினார் என்று ஆராய்வான். எழுதுவது எப்படி என்பதை அதனினும் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லை. பழையதை மறைத்தால் படைப்பாளியின் வளர்ச்சியையும் சேர்த்தே மறைத்தவர் ஆவோம்.

காத்திருந்தோர்க்குச் சிறிது நம்பிக்கை பிறந்துள்ளது. 2025 ஜூன் மாதம் இலண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், 1977-ஆம் ஆண்டுப் படிச்சுருளையே எடுத்து 'ஸ்டார் வார்ஸ்' முதற்படத்தைத் திரையிட்டது. கீறலும் நிறமாற்றமும் இருக்கக்கூடும் என்பதை அறிந்தே மக்கள் கூடினர். அவர்கள் குறையற்ற படத்தை நாடிச் செல்லவில்லை. ஒரு காலத்தில் மாந்தர் சிலர், தம்மிடம் இருந்த கருவிகளைக்கொண்டு, தம்மால் இயன்றதைச் செய்து முடித்ததன் மெய்யான சுவடு அது. அதனைக் காணவே சென்றனர்.

ஆகவே, திருத்துக என்று படைப்பாளிக்குச் சொல்வோம். அஃது அவர் உரிமை. விற்க என்று உடைமையாளர்க்குச் சொல்வோம். அஃது அவர் வணிகம். அன்பு செய்க, ஆயினும் ஆளாதே என்று சுவைஞர்க்குச் சொல்வோம். மூவர்க்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுவது ஒன்று உண்டு: பழையதை மறைக்காதீர். திருத்தம் நல்லதாயின் மூலத்தின் அருகில் நின்று தன் பெருமையைத் தானே நாட்டிக்கொள்ளும். மூலத்தை மறைத்தால்தான் நிற்க முடியும் என்னும் திருத்தம், தன் வலிமையில் தனக்கே ஐயம் உடையது.